மந்தை காலமானது

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் பல தலைமுறையாக வாழ்ந்துவந்த மந்தை காலமாகிவிட்டது. இறந்த தேதி என்று ஒன்றைக் குறிக்க வழியில்லை. ஊருக்கு ஊர் நாள் வேறு. ஓர் ஊரில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி எழும்பிய வருஷம் போனது. இன்னோர் ஊரில் நான்குவழிச் சாலை வந்து ஊரை இரண்டாக வகுந்தபோது போனது. இலுப்பையூரணி, பாண்டவர்மங்கலம், மூப்பன்பட்டி, மந்தித்தோப்பு, நாலாட்டின்புதூர் என்று நகரத்தை ஒட்டிக் கிடந்து, இன்று நகரமாகவே ஆகிவரும் ஊராட்சிப் பக்கங்களில், மனை பிரித்த வேகத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போனது. பெரிய சாவுதான். ஆனால் கேதம் கேட்க யாரும் போகவில்லை. போய் உட்கார இடமும் மிச்சம் இல்லை.

கரிசலில் ஏது பசுமை என்று கேட்கிற வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஊர் வாசலில் ஒரு பொது வெளி. அதன் ஓரத்தில் ஊருணி, ஊருணிக் கரையில் ஓர் ஆலோ அரசோ. நடுவில் நாலைந்து வேம்பு, அதில் ஒன்றின் அடியில் அம்மன் பீடம், பக்கத்தில் இளவட்டக்கல். அதைத் தாண்டினால் களம், களத்தைச் சுற்றிக் கம்மந்தட்டைப் படப்புகள். அதற்கு அப்பால் ஓடை. ஓடை நெடுக உடையும் கருவேலமும் மஞ்சணத்தியும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஆடுமாடு மேயும் பொட்டல். கிராமக் கணக்கில் இவையெல்லாம் தனித்தனி சர்வே எண்கள்: மந்தைப் புறம்போக்கு, களம் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, ஓடை, ஊருணி, வண்டிப்பாதை. ஊர்க்காரன் கண்ணுக்கு எல்லாம் ஒரே துண்டு. அந்தத் துண்டு முழுவதையும்தான் நான் மந்தை என்கிறேன்.

அது ஏன் அங்கே மட்டும் பச்சையாக இருந்தது என்பதற்கு மண்ணைக் கேட்க வேண்டும். கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சித்திரையில் நிலம் வெடித்தால் வெடிப்புக்குள் முழங்கை வரை போகும். அந்த இழுப்பில் இளம் வேர் அறுந்துபோகும். மழையோ ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டி. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே இந்த மண் பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் மல்லிக்கும்தான் இணங்கும், தோப்புக்கு இணங்காது. புரட்டாசி ஈரத்தில் விதைத்து, மாசி பங்குனிக்குள் எடுத்துவிட்டால், அடுத்த மழை வரை காடு கன்னங்கரேலென்று கிடக்கும். அந்த நாலைந்து மாதமும் கண்ணுக்குப் பச்சை என்று இருந்தது தண்ணீர் வழியும் ஓரங்களில் மட்டும்: ஊருணிக்கரை, ஓடைக்கரை, ஊர் நத்தத்தின் விளிம்பு. மரம் பிழைக்கும் இடம் பார்த்துத்தான் ஊர் தன் பொது நிலத்தை வைத்திருந்தது. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கரிசல் பருத்தியை ஆராய்ந்தது. கரிசல் மரங்களை ஆராய்ந்தவர்கள் ஆடு மேய்த்தவர்கள்.

மந்தையின் தொழில் என்ன என்று இரங்கல் குறிப்பில் சொல்லியாக வேண்டும். காலையில் தொழுக்களிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடுகள் அங்கே கூடும். ஊருக்குப் பொதுவான மேய்ப்பர் ஓட்டிக்கொண்டு போவார். அவருக்குக் கூலி களத்தில் தானியமாக அளக்கப்படும். கோடையில் புல் கருகிய பிறகு ஆட்டுக்காரர் தொரட்டியால் உடை நெற்றை உலுக்குவார். வெள்ளாடு அந்த நெற்றைத் தின்றே கோடையைத் தள்ளிவிடும். ஆடி மாதம் வேப்பமுத்துப் பொறுக்குவது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கைச்செலவுக் காசு. எண்ணெய்ச் செக்குக்கு வாங்கும் வியாபாரி சாக்கோடு வந்து நிற்பார். மஞ்சணத்தி நுகத்தடிக்கு, கருவேலம் கலப்பைக்கு. ஊருணி வற்றினால் அடியில் கிடக்கும் கரம்பையை வண்டி வண்டியாகக் காட்டுக்கு அள்ளுவார்கள். ஒரு கூடை வீட்டுக்கும் போகும், தலை தேய்த்துக் குளிக்க. பொங்கலுக்கு முந்திய நாள் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் கண்ணுப்பிள்ளையும் ஓடைப் பக்கம் போனால் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இலந்தை, மஞ்சணத்திப் பழம், கோவைப்பழம். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. மந்தையில் சும்மா இருந்த மரம் கிடையாது. ஒவ்வொரு மரத்துக்கும் அதைத் தின்ன ஒரு வாய், அதன் நிழலுக்கு ஒரு கூட்டம், அதன் கொம்புக்கு ஒரு தேவை இருந்தது. ஒருவன் பச்சைக் கொம்பை வெட்டினால் இன்னொருவன் வயிறு எரியும், சண்டைக்கு வருவான். காவல்காரன் சம்பளம் இல்லாமல் காவல் நடந்தது. ஊருணித் தூரை ஊர் வாரியது அதன் மேல் பக்தியினால் என்று சொல்ல முடியாது. கரம்பை வேண்டும், தண்ணீர் வேண்டும், அதனால் வாரியது. பசுமையை யாரும் பராமரிக்கவில்லை. அவரவர் வேலையைப் பார்த்தார்கள், பசுமை தங்கியது.

பொழுது சாய்ந்தால் அதே இடம் ஊரின் கூடம். வழக்குப் பேசுவது, ஒயிலாட்டம் பழகுவது, தோல்பாவைக் கூத்து, அம்மன் பொங்கலுக்குக் கரகாட்டம், செய்தித்துறை வண்டி வந்து திரை கட்டிப் படம் காட்டுவது, தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சிக் கூட்டமும். இந்த வட்டாரம் இலக்கியத்துக்குக் கொடுத்த கொடையில் மந்தைக்கும் பங்கு உண்டு. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் மனிதர்களைக் கூர்ந்து பார்க்கப் பழகியது இப்படிப்பட்ட வெளிகள் நிறைந்த ஊரில்தான். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. கொலை செய்துவிட்டுத் தலைமறைவாகும் பையனும் அவன் தகப்பனும் ஊருக்கு வெளியே ஓடையிலும் புதரிலும் மலையடியிலும் பதுங்கி, கிடைத்ததைத் தின்று நாளைக் கடத்துவார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அவர்களுக்குச் சோறும் மறைவும் கொடுத்தது. இன்று அந்தக் கதையை அதே நிலத்தில் நடத்தினால் முதல் நாள் சாயங்காலமே பிடிபட்டுவிடுவார்கள்.

மந்தைக்கு உடன்பிறப்பு ஒன்று இருந்தது: சாலைப் புளியமரம். மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகக் குமரிக்குப் போகும் பாதையைப் பெரியவர்கள் இன்றும் மங்கம்மாள் சாலை என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டினார் என்பது ஊரறிந்த வழக்கு. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மனை வெள்ளைக்காரன் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும் ஒரு புளியமரத்தில்தான். பின்னாளில் நெடுஞ்சாலைத் துறை மரத்துக்கு மரம் எண் எழுதி, இடுப்பில் கறுப்பும் வெள்ளையும் பூசிவைத்தது. வருஷா வருஷம் மகசூல் ஏலம். ஏலம் எடுத்தவர் உலுக்க ஆள் விடுவார். சுற்றுப்பட்டுப் பெண்கள் பொறுக்கி, ஓடு உடைத்து, கொட்டை தட்டிக் கூலி வாங்குவார்கள். புறம்போக்கில் நிற்கும் பலன்தரும் மரங்களுக்கு வருவாய்த்துறை ‘2சி பட்டா’ என்று ஒன்றும் கொடுத்துவந்தது: நிலம் சர்க்காருடையது, மரத்தின் பலன் பட்டாக்காரருடையது. நிலத்தை வைத்துக்கொண்டே பலனை ஆளுக்குக் கொடுக்கலாம் என்று அரசாங்கத்துக்கும் தெரிந்திருந்த காலம் அது.

அந்த மரங்கள் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் போயின. வடக்கு-தெற்கு வழித்தடத் திட்டத்தில் அன்றைய தேசிய நெடுஞ்சாலை 7, இன்றைய 44, நான்குவழியானது. பேருந்து விரைவாகப் போகிறது, உண்மை. ஒருகாலத்தில் நிழலுக்குள்ளேயே வண்டி கட்டிக்கொண்டு போன பாதை இப்போது வெட்டவெளி. சாலைக்கு நடுவே அரளி வைத்திருக்கிறார்கள். வெயிலைத் தாங்கும், பூக்கும், ஆடு வாய் வைக்காது. ஆடு வாய் வைக்காது என்பதே அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். தின்ன ஆளிருந்ததால் பிழைத்த மரங்கள் நின்ற சாலையில், யாரும் தின்ன முடியாதது என்பதற்காக ஒரு செடி வந்து நிற்கிறது. நாகர்கோவில் முச்சந்திப் புளியமரத்துக்குச் சுந்தர ராமசாமி 1966இல் ஒரு நாவலே எழுதினார். மங்கம்மாள் சாலைப் புளிகளுக்கு வாய்த்தது ஏலக் கணக்கு மட்டும்தான்.

செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். மந்தை விஷயத்தில் அந்த மரியாதையைக் கடைப்பிடித்தால் கட்டுரை பொய்யாகிவிடும். மந்தைக்கு ஜாதி இருந்தது. வேம்படித் திண்டில் எல்லோரும் சமமாக உட்கார்ந்ததில்லை. ஊருணியில் எல்லோரும் ஒரே படியில் இறங்கியதில்லை. பல ஊர்களில் இறங்கவே விட்டதில்லை, கீழத்தெருவுக்குத் தனிக் கிணறு அல்லது தனிப் பள்ளம். அதே அம்மன் பீடத்துக்கு முன்னால்தான் அபராதம் விதித்து, காலில் விழவும் வைத்தார்கள். பெண்கள் முத்துப் பொறுக்கவும் தண்ணீர் சுமக்கவும் வரலாம். பொழுது சாய்ந்து உட்கார்ந்து பேச வரமுடியாது. இருட்டிய பிறகு ஒதுங்கப் போகும் இடமாகவும் அதே பொட்டல்தான் அவர்களுக்கு இருந்தது. கதவு வைத்த கழிப்பறையும், காம்பவுண்டுச் சுவர் வைத்த வீடும், யார் பக்கத்து வீடு என்று கேட்காமல் விற்கும் மனையும் வந்தபோது, மந்தையை விட்டு விலக ஒரு தெருவுக்கு நல்ல நியாயம் இருந்தது. அது இருந்தபடியே திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. இறந்தது இன்னது என்று சரியாகக் கணக்கெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி நோய் பற்றி. ஆக்கிரமிப்பாளர்கள் கொன்றுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும். ஆக்கிரமிப்பு உண்டு, வேலியை வருஷத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. ஆனால் மந்தையின் பெரும்பகுதி கள்ளத்தனத்தினால் போகவில்லை. நல்ல காரியங்களால் போனது.

முதலில், உரிமை இடம் மாறியது. எட்டயபுரம் ஜமீன் கிராமங்கள் உட்பட, ஜமீன் நிலங்கள் 1948ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் ரயத்துவாரிக்கு மாறின. உழுதவனுக்குப் பட்டா கிடைத்தது, பெரிய நன்மை. அதே சட்டம் பொது நிலங்கள், புறம்போக்குகள், மேய்ச்சல் தரைகள் எல்லாவற்றையும் அரசுக்கு உரியதாக்கியது. ஜமீன் காலத்திலும் அவை ஊரின் சொத்தாக எழுதப்பட்டிருக்கவில்லைதான். ஆனால் மேய்ப்பதும் பொறுக்குவதும் வழக்கத்தினால் வந்த பாத்தியதை. அதை ஜமீனாலும் லேசில் தட்ட முடியாது. இப்போது நிலத்துக்கு ஒரே உடைமையாளர், அவர் இருப்பது தாலுகா கச்சேரியில். ஊருக்கு மிஞ்சியது பழக்கம் மட்டும்.

அடுத்து, வேலை போனது. டிராக்டர் வந்தது, உழவு மாடு குறைந்தது. மாடு குறைந்ததும் மேய்ப்பருக்கு அளக்கத் தானியம் இல்லை. தானியமே குறைந்து எல்லாம் காசுப் பயிரானது. சிவகாசியில் 1923இல் வேர்விட்ட தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி, ஆடு மேய்க்க வேண்டிய பிள்ளைகளையும் வேப்பமுத்துப் பொறுக்கிய பெண்களையும் கட்டை அடுக்க அழைத்துக்கொண்டது. மழையை நம்பாத கூலி. போனவர்களைக் குறை சொல்ல முடியாது. நுகத்தடி தேவைப்படாத ஊரில் மஞ்சணத்தியை வெட்டினால் சண்டைக்கு வர ஆள் இல்லை. தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரத்தொடங்கியதும் ஊருணியை எட்டிப் பார்க்கவும் காரணம் இல்லாமல் போயிற்று.

ஆளில்லாத நிலம் என்று தெரிந்த பிறகு நல்ல காரியங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அங்கன்வாடிக்கு இடம் வேண்டும், சத்துணவுக் கூடத்துக்கு இடம் வேண்டும், ரேஷன் கடைக்கு, துணை சுகாதார நிலையத்துக்கு, நூலகத்துக்கு, மேல்நிலைத் தொட்டிக்கு, தொகுப்பு வீடுகளுக்கு இடம் வேண்டும். விலைக்கு வாங்க நிதி இல்லை. புறம்போக்குக்கு விலை இல்லை. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானது, ஒவ்வொன்றையும் ஊரே மனு கொடுத்துக் கேட்டது. சில இடங்களில் மாடு மேய்ந்த தரையிலேயே கால்நடை மருந்தகம் எழும்பியது. எந்தக் கட்டடத்தையும் குறை சொல்ல முடியாது. எல்லாக் கட்டடமும் சேர்ந்த பிறகு நிற்க ஒரு நிழல் இல்லை. கயத்தாறு பக்கம் காற்றாலை வந்தது, கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அவற்றையும் உலகம் பசுமை என்றுதான் அழைக்கிறது. அந்தப் பசுமையில் ஆடு மேயாது.

உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை மேவி வீடு கட்டிய வழக்கு அது. நாடு முழுக்கக் கிராமப் பொது நிலங்களை மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே தீர்ப்பு சில விலக்குகளையும் வைத்தது: நிலமற்றவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு கொடுத்தவை, ஏற்கெனவே பள்ளி, மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாடு எழும்பிய இடங்கள். நீதியான விலக்குத்தான். ஆனால் மந்தையின் உடம்பில் பாதி அந்த விலக்குக்குள்தான் படுத்திருந்தது.

இறந்தவருக்கு வாரிசு என்று சொல்லிக்கொண்டு முதலில் வந்தது சீமைக்கருவேலம். 1870களில் வெளிநாட்டு விதையாக இந்தியாவுக்குள் வந்து, பின்னாளில் விறகுக்கும் வேலிக்கும் என்று பரவிய மரம். ஆடும் மாடும் நெற்றைத் தின்று விதையைப் பரப்பின. மேய்ச்சல் நின்ற தரையில் அது தனியரசு நடத்தியது. ஊருணி, ஓடை, களம் எல்லாம் அதன் கைக்குள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது பொக்லைன்கள் ஊர் ஊராகப் போயின. நியாயமாகப் பேசினால், மழை பொய்த்த வருஷங்களில் விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் பல குடும்பங்கள் கரிமூட்டம் போட்டுத்தான் கஞ்சி குடித்தன. அதற்கும் தின்ன ஒரு வாய் இருந்ததால்தான் அதுவும் நிற்கிறது. அதன் முள்ளுக்கடியில் உட்கார முடியாது என்பதே பிழை.

இரண்டாவதாக உரிமை கோரி வந்திருப்பது பூங்கா. இதன் கதை மனைகளோடு சேர்ந்தது. விளைச்சல் கட்டாத கரிசல் காடு, நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மனையாகும். சரள் அடித்துப் பாதை, மஞ்சள் சிவப்பில் குத்துக்கல், ஒரு தோரண வாயில், ஏதோ ஒரு ‘நகர்’. பல வருஷம் இவற்றில் பெரும்பாலானவை அங்கீகாரம் இல்லாமலே விற்றன. பூங்கா என்ற பேச்சே இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று தடுத்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன: 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்தவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தலாம். பூங்காவுக்கு விடவேண்டிய நிலத்தின் இடத்தில் பணம் வந்தது. பணத்துக்கு நிழல் கிடையாது.

புதிய மனைப்பிரிவுகளுக்கு விதி தெளிவு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது உபயோகத் திறந்தவெளி. அதைத் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடம் விடமுடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் நிலமாகத்தான் தரவேண்டும். விற்பனை வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டியிருக்கும். நேரில் போனால் பெரும்பாலும் மூலை மனை, பள்ளமான இடம், விற்காத வடிவம். சீமைக்கருவேலம் அங்கே முந்திக்கொண்டிருக்கும்.

கட்டி முடித்த பூங்காக்களும் உண்டு. ஊராட்சிகளுக்கு 2016இல் ‘அம்மா பூங்கா’ திட்டம் வந்தது. நகரத்துக்கு வேறு திட்டங்கள். ஒன்றுபோல ஒரு வடிவம்: சுற்றுச்சுவர், இரும்புக் கதவு, எட்டு வடிவ நடைபாதை, சிமெண்டு பெஞ்சு, நாலைந்து உடற்பயிற்சிக் கருவி, ஒரு சறுக்கு மரம், நடுவில் கொரியன் புல். இந்தப் புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். குடிக்கவே முறை வைத்துத் தாமிரபரணித் தண்ணீர் பிடிக்கிற ஊரில் அதைப் புல்லுக்கு ஊற்ற எந்தத் தெருக்காரருக்கு மனம் வரும்? புல் முதல் கோடையில் கருகும், கருவி துருப்பிடிக்கும், காவலாளிக்குச் சம்பளம் நிற்கும், கதவுக்குப் பூட்டு விழும். பூட்டியிருப்பதால் யாரும் போவதில்லை. யாரும் போவதில்லை என்பதால் பூட்டு கழல்வதில்லை.

வீட்டு வாசலில் மரம் வைக்கலாமே என்றால், கரிசல் அதற்கும் குறுக்கே நிற்கிறது. உப்பிச் சுருங்கும் மண்ணில் சுவர் வெடிக்காத வீடு அபூர்வம்; மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் நிரப்பியோ, அடி விரிந்த பைல் போட்டோதான் கட்ட வேண்டும். அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் பெரிய மரம் நின்றால் வேர் ஈரத்தை உறிஞ்சி விரிசலைக் கூட்டும். கொத்தனார் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆக, வேம்பும் புளியும் வளர வேண்டிய இடம் வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் பொது வெளிதான். இந்த மண்ணுக்குப் பொது நிலம் அழகுக்கானது இல்லை. மரம் நிற்க வேறு இடம் கிடையாது.

பூங்கா ஏன் மந்தையின் வாரிசாகவில்லை என்பதற்குத் தண்ணீர்க் குறைவும் பணக் குறைவும் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அங்கே யாருக்கும் வேலையில்லை. நடக்கலாம், உட்காரலாம், எடுக்கக்கூடாது, பறிக்கக்கூடாது, ஆடு நுழையக்கூடாது, பந்து அடிக்கக்கூடாது. பலகையில் எழுதியிருப்பதெல்லாம் கூடாது. ஒன்றிலும் பாத்தியதை இல்லாத இடத்தை ஒருவர் எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?

இதே ஊரில் இதற்கு மாறான சாட்சி ஒன்று இருக்கிறது. கோவில்பட்டி ஹாக்கி ஊர். மில் காலத்திலிருந்தே சாயங்காலமானால் மட்டையைத் தூக்கிக்கொண்டு பையன்கள் மைதானத்துக்குப் போகிற ஊர். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். உடன் ஆடிய கார்த்தி செல்வம் இங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்றவர். செயற்கைப் புல்தரை மைதானம் பின்னால் வந்தது. அதற்கு முன்பு பல பத்தாண்டு இந்த ஆட்டம் வெறும் பொட்டலில்தான் நடந்தது. ஆடுகளமாக இருந்த வெளியில் கை வைப்பது அவ்வளவு சுலபமில்லை. தினமும் மாலை அங்கே ஆள் இருந்தார்கள், ‘இது எங்க கிரவுண்டு அண்ணாச்சி’ என்று சொல்ல வாய் இருந்தது.

வாய் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெங்களூரில் ஒரு முன்னுதாரணம். அங்கே ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனை நல்ல காரியம் என்று வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் 1991இல் ஒப்புக்கொள்ளவில்லை. பூங்கா இடம் பூங்காவுக்குத்தான். அதைக் கேட்க அந்தப் பகுதிக் குடியிருப்பாளர்களுக்கு உரிமை உண்டு. நல்ல காரியத்துக்கும் ஓர் எல்லைக்கல் உண்டு என்று சட்டம் சொன்ன இடம் அது. நம் மந்தைக்காக யாரும் அந்தக் கல்லை நடவில்லை.

ஆகவே சொத்துப் பங்கீட்டுக்கு வருவோம். மந்தை விட்டுப்போன நிலம் அநேகமாக இல்லை. ஆனால் அதன் புத்தி மிச்சமிருக்கிறது, அதைப் பத்து சதவீத நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். கொரியன் புல்லை விட்டுவிட்டு வேம்பு, புளி, உடை, மஞ்சணத்தி, பூவரசு வைக்கலாம். முதல் இரண்டு கோடை தாண்டிவிட்டால் அவை தண்ணீர் கேட்காது. நடுவில் ஒரு பள்ளம் வெட்டி, தெரு மழைநீரை அதில் விட்டால் அதுவே ஊருணி. வேப்பமுத்தும் புளியும் அந்தத் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு என்று ஊராட்சி தீர்மானம் போடலாம். 2சி பட்டா கொடுத்த அரசாங்கத்துக்கு இது புதிய யோசனை இல்லை. பையன்களுக்குப் பந்தடிக்க ஒரு பகுதி. ஆட்டுக்காரருக்கு நெற்றுக் காலத்தில் ஒரு வாசல். பெண்கள் பொழுது சாய்ந்தும் உட்கார விளக்கு. எந்தத் தெருக்காரரும் எந்தப் பெஞ்சிலும் உட்காரலாம் என்பது மட்டும் பழைய மந்தையிடம் கற்காமல் நாமாகச் செய்யவேண்டியது.

பத்து சதவீதம் கொஞ்சம்தான். ஆனால் அது பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுதி வாங்கிய பத்து சதவீதம். மந்தைக்கு அந்த எழுத்து என்றைக்கும் வாய்த்ததில்லை. நாளைக்கு அங்கேயும் ஒரு தொட்டி, ஒரு ரேஷன் கடை, ஒரு அலுவலகம் என்று நல்ல காரியங்கள் வரிசையில் வரும். வரும்போது ‘இங்கே ஏற்கெனவே எங்களுக்கு வேலை இருக்கிறது’ என்று சொல்ல ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புறநகர் மனையில் குடியேறியவர்கள் அந்தக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் போவதில்லை. அது கிராமத்துக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். போக வேண்டும். போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எங்கள் மனைப்பிரிவின் திறந்தவெளி எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, தானப் பத்திரம் பதிவாகிவிட்டதா, அதன் நான்கு மூலைக் கல்லையும் எப்போது அளந்து காட்டுவீர்கள்? மரக்கன்றைப் பற்றிய பேச்சை அதற்கடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.